என் கையெழுத்துக்கு அவன் கையெழுத்து

ஜூன் 2, திங்கள்

சஹானாவின் போன வருஷத்து நோட்டில் பாதிக்குமேல் வெள்ளைப் பக்கம். பேத்தி வீணாக்கியதில் நான் எழுதுகிறேன். மறந்துவிடும் என்று எழுதவில்லை, எனக்கு எதுவும் மறக்காது. பின்னால் யாராவது ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்றால் எடுத்துக் காட்டுவதற்கு. நாலாம் வகுப்புத் தமிழ் அதற்குப் போதும்.

இன்று கார்மெண்ட்ஸில் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் லைன் முப்பத்திரண்டு பேரையும் நிற்க வைத்துப் பேசினார்கள். ஹெச்.ஆர். ரோஹன் ஆங்கிலத்தில் சொன்னான். சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. ஃப்ளோர் இன்சார்ஜ் கோவிந்தப்பா அதைக் கன்னடத்தில் சொன்னான். இனி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் நாலே நாள். வெள்ளி, சனி, ஞாயிறு வீட்டில் இருக்கலாம். சட்டம் இடம் கொடுக்கிறதாம். ஆனால் ஒவ்வொருத்தரும் ‘எனக்குச் சம்மதம்’ என்று பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

முப்பது வருஷமாகத் தைக்கிறேன். என் சம்மதத்தை ஒருத்தன் கேட்பது இதுதான் முதல் தடவை. கேட்கிறவன் யார் என்றால், இந்தக் கோவிந்தப்பா.

ஜூன் 4, புதன்

போடவில்லை.

ஜூன் 5, வியாழன்

மகா போட்டுவிட்டாள். என் மருமகள், அதே லைனில் காலர் தைக்கிறாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது சொன்னாள்.

“மூணு நாள் வீட்ல இருப்பேன் அத்தை. சஹானாவ ஒரு நாளாவது நானே ஸ்கூல்ல விடுவேன். உங்க புள்ள வைட்ஃபீல்ட்ல கேப் ஓட்டிட்டு வர்றதுக்குள்ள அது தூங்கிடுது. அப்பன் மூஞ்சியும் தெரியாது, ஆத்தா மூஞ்சியும் தெரியாது.”

நாலு நாள் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஐந்தாம் நாளும் வா என்பான், அப்போது என்ன செய்வாய் என்றேன். வேண்டாம் என்றால் சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், பேப்பரிலேயே அச்சடித்திருக்கிறது என்றாள். பத்தாவது வரைக்கும் கன்னடத்தில் படித்தவள், அவள் சொன்னால் இருக்கும். அச்சடித்திருக்கும். போய்க் கேட்பது யார்?

அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இதே பேப்பரை வேறு ஒருத்தன் நீட்டியிருந்தால் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன்.

ஜூன் 9, திங்கள்

முப்பத்தோரு பேர் போட்டாகிவிட்டது. பாக்கி நான் ஒருத்தி. எங்கள் லைனில் பட்டன் ஓட்டைக்குக் காஜா போடும் மெஷின் ஒன்றுதான், அதில் உட்காருவது நான். ஐந்தரைக்கு நான் எழுந்து போனால் சட்டையெல்லாம் காஜா இல்லாமல் குவியும். ஒருத்தி குறைந்தாலும் இந்த லைனையே கலைத்துத் தும்கூர் ரோட்டு யூனிட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும்.

கை கழுவும் இடத்தில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். ஸ்ரீவித்யாதான் முதலில் கையெழுத்துப் போட்டவள், வாயும் அவளுக்குத்தான். “ஏன்க்கா, உங்க கையெழுத்துக்குப் பூ, பழம், தட்டு வச்சுக் கூப்பிடணுமா?” என்றாள். சிரித்தார்கள். மகாவும் சிரித்தாள். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்ரீவித்யா சொன்ன இன்னொரு சேதி: கோவிந்தப்பாவுக்கு இந்த மாசக் கடைசியில் அறுபது முடிகிறது. நூற்றுக்கு நூறு பேப்பர் வந்தால் ஒரு வருஷம் நீட்டித்துத் தருவதாக மேலே சொல்லியிருக்கிறார்களாம்.

அப்படியா.

ஜூன் 10, செவ்வாய்

ஏன் போடமாட்டேன் என்கிறீர்கள் என்று மகா கேட்டாள். அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

1997 செப்டம்பர் 18, வியாழக்கிழமை. அது வேறு கம்பெனி. கோவிந்தப்பா அங்கே லைன் சூப்பர்வைசர், அப்போது மீசை கறுப்பு. என் மூத்தவள் அம்சாவுக்கு நாலு வயசு. காலையில் லேசாகக் காய்ச்சல். பக்கத்து வீட்டுக் கோமளத்திடம் விட்டுவிட்டுப் போனேன். மத்தியானம் ஜன்னி கண்டது. கோமளம் கேட்டுக்கு ஓடிவந்து சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு வாட்ச்மேன் அதைக் கொண்டுவந்து கோவிந்தப்பாவிடம் நீட்டினான். அவன் படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாருக்கோ வந்தது என்று தலையைக் குனிந்து தைத்தேன்.

ஐந்தரைக்கு விட வேண்டும். ஷிப்மெண்ட் என்று கதவைப் பூட்டினார்கள். சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. ஏழரைக்கு வெளியே வந்தால் வாட்ச்மேன், ‘நீ இன்னுமா போகல?’ என்கிறான்.

குழந்தை ஆறு மணிக்கே போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில், கோமளத்தின் மடியில்.

பாவி. பையில வச்சுக்கிட்டே என் பின்னாடி நடந்தானே. ரெண்டு தடவ நடந்தான். பேகா பேகான்னு விரட்டினான். நானும் சீக்கிரம் சீக்கிரமா தச்சேனே —

மறுநாளிலிருந்து அங்கே போகவில்லை. எட்டு வருஷம் முன்னால் அவன் இந்தக் கம்பெனிக்கு இன்சார்ஜாக வந்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. எட்டு வருஷமாகக் காலையில் அவனுக்கு வணக்கம் சொல்கிறேன். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

என் மகன் ரவிக்குமாரும் கையெழுத்துப் போடச் சொல்லிப் பார்த்தான். மகா பேச்சை நிறுத்திவிட்டாள். சஹானா மட்டும் பேசுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

வந்தான். ஸ்ரீராம்புரத்துச் சந்துக்குள் எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு கோவிந்தப்பா, கையில் ஒரு டஜன் ஏலக்கி வாழைப்பழத்தோடு.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுக்கவில்லை. மகா டம்ளரோடு வந்தாள், கண்ணாலேயே நிறுத்தினேன். கதவோரம் நின்றுகொண்டாள்.

“ஒந்தே ஒந்து சைன் அம்மா, ஒண்ணே ஒண்ணு,” என்றான். “எனக்கு இந்த மாசத்தோட முடியுது. ரெண்டாவது பொண்ணு கல்யாணம் நிக்குது. உங்க கையிலதான் இருக்கு.”

பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. காலர் மடிப்பு நைந்திருந்தது. பாவமாக இருந்ததா? இல்லை.

“போடுறேன் சார். முன்னாடி நான் சொல்றத நீங்க எழுதி, ஒரு சைன் போட்டுக் கொடுங்க.”

இந்த நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தேன். நான் கன்னடத்தில் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். 1997 செப்டம்பர் 18, மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு கேட்டிலிருந்து வந்த சீட்டை வாங்கினேன். குழந்தைக்கு ஆபத்து என்று அதில் இருந்தது. தாய் தனக்கோடியிடம் கொடுக்கவில்லை. ஏழரை வரைக்கும் என் பையில் வைத்திருந்தேன். ஆறு மணிக்குக் குழந்தை செத்தது.

பேனா எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கேயும் நிற்கவில்லை. முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினான்.

“அது எந்தக் கம்பெனி அம்மா?”

சொன்னேன்.

“ஞாபகம் இல்ல. நிறையச் சீட்டு வரும். எல்லாத்தையும் கொடுத்தா லைன் ஓடுமா?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். கீழே கையெழுத்துப் போட்டான், தேதியும் போட்டான். அப்புறம் என் பேப்பரை நீட்டினான்.

நாளைக்குக் கம்பெனியில் தருகிறேன் என்றேன். போடுகிறேன் என்று நான் சொன்னது பொய். அதுவும் இங்கே இருக்கட்டும்.

அவன் போன பிறகு மகா என் எதிரில் உட்கார்ந்தாள். “இத்தனை வருஷம் ஏன் அத்தை சொல்லல?” என்றாள். சொன்னால் எல்லோரும் ஆறுதல் சொல்வீர்கள், எனக்கு அது வேண்டாம் என்றேன். வாழைப்பழத்தைத் தெருவில் மாட்டுக்குப் போட்டேன்.

ஜூன் 16, திங்கள்

ரோஹன் அறைக்கு நேராகப் போனேன். கையெழுத்தில்லாத என் பேப்பரையும், கோவிந்தப்பா எழுதிக் கொடுத்ததையும் மேஜையில் வைத்தேன். ரோஹனுக்குக் கன்னட எழுத்துத் தெரியாது. ஸ்ரீவித்யாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னான். கோவிந்தப்பாவையும் வரவழைத்தான்.

ஸ்ரீவித்யா சத்தமாகத்தான் ஆரம்பித்தாள். ‘பையில்’ என்ற இடத்தில் நின்றாள். என்னைப் பார்த்தாள். மிச்சத்தை மெதுவாக வாசித்தாள்.

இது நிஜமா என்று ரோஹன் கேட்டான்.

“கொத்தில்ல சார், தெரியாது. எழுதிக் கொடுத்தாத்தான் சைன் போடுவேன்னாங்க. எனக்கு வேற வழி இல்ல. கொடுத்தேன்,” என்றான் கோவிந்தப்பா.

இது பழைய விஷயம், வேறு கம்பெனி, நான் ஒன்றும் செய்ய முடியாது என்று ரோஹன் ஆரம்பித்தான். ஸ்ரீவித்யா அவனை முடிக்க விடவில்லை.

“சார், நாங்களும் இப்படித்தான் வேற வழி இல்லாம எழுதிக் கொடுத்தோம். என் பேப்பரத் திருப்பிக் கொடுங்க.”

நான் இதற்காகப் போகவில்லை. கோவிந்தப்பா தலை குனிவதைப் பார்க்கத்தான் போனேன். அவன் குனியவில்லை. முழித்துக்கொண்டு நின்றான்.

ஜூன் 21, சனி

பத்தொன்பது பேர் திருப்பி வாங்கிவிட்டார்கள். லைனை இரண்டாகப் பிரிக்கிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. அதற்குப் புதிதாக ஒரு காஜா மெஷின் வருகிறது. தும்கூர் ரோடு பேச்சு காணாமல் போயிற்று. கோவிந்தப்பாவுக்கு நீட்டிப்பு இல்லை.

மகா திருப்பி வாங்கவில்லை. “உங்க கோவம் நியாயம் அத்தை. ஆனா அது உங்க கோவம். எனக்கு அந்த மூணு நாள் வேணும்,” என்றாள். இந்த வீட்டில் எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்கும் கோபம் உண்டு, பத்து வருஷத்துக்கு முன்னால் நான் தாலிக்கயிறு விஷயத்தில் பேசியதை இன்னும் வைத்திருக்கிறாள்.

ஜூன் 30, திங்கள்

கோவிந்தப்பாவுக்குக் கடைசி நாள். மாலை போட்டார்கள், கேக் வெட்டினான். நான் மெஷினை விட்டு எழவில்லை. ஐந்தேகாலுக்கு அவனே வந்தான், மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.

“ரெண்டு வாரமா நினைச்சுப் பாக்கறேன் அம்மா. வரமாட்டேங்குது,” என்றான். “அந்தக் கூசு பேரு ஏனு?”

குழந்தை பேர் கேட்கிறான். நான் சொல்லி எழுத வைத்ததில் பேர் இல்லை.

அடுத்த சட்டையை ஊசிக்குக் கீழே வைத்துக் காஜா போட்டேன். அதற்கு அடுத்ததையும். போய்விட்டான்.

சொல்லியிருக்கலாமோ? கூடாது. ஞாபகம் வைத்துக்கொள்ள அவனுக்கு ஒரு பேர் நான் ஏன் கொடுக்க வேண்டும்? தேடட்டும்.

ஜூலை 2, புதன்

சந்தோஷமாக இருக்க வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

மகாவுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தில் முதல் வாரம் இன்றோடு முடிந்தது. நாளைக்கு நான்தான் உன்னைக் கூட்டிப் போவேன் என்று சஹானாவிடம் திங்கட்கிழமையே சொல்லிவிட்டாள். அது எண்ணெய் வைத்துத் தலை பின்னி, ஷூவைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறது.

மகா வந்து பையைக்கூட இறக்காமல் நின்றாள். ஷிப்மெண்ட் இருக்கிறதாம், நாளைக்கும் வரச் சொன்னானாம் புது இன்சார்ஜ். “இந்த ஒரு வாரம்தான் அத்தை,” என்றாள்.

நான் சொல்லாததைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தப் புது இன்சார்ஜ் பேர் டிரேவர். ஸ்ரீவித்யாவுக்குப் போன் போட்டுக் கேட்டு, எழுத்துக் கூட்டி இந்த நோட்டில் எழுதிக்கொண்டேன்.