ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சின்னவளும் இங்கே படுக்காமல் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. போன் இருக்கிற காலத்தில் அம்மாவுக்கு என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ அவசரப்படுத்துவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு வைத்துவிடுவேன். அதோடு நம் வீட்டுச் சுவர் லட்சணம் உனக்குத் தெரியும், சமையலறையில் முணுமுணுத்தால் வாசலில் கேட்கும், சின்னவள் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. அதனால் ஆஸ்பத்திரியில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நான் மடித்து அடுக்கிய பெட்ஷீட்டுகளின் மேலேயே தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து மேடும் பள்ளமுமாக இருந்தால் அது பெட்ஷீட் செய்த வேலை. முடித்ததும் கூட வேலை பார்க்கிற பெண் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பித் தருவாள், படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள், நம்பித்தான் ஆக வேண்டும்.

சின்னவள் விஷயம்தான். போன பருவத்தில் இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் அவள் சரியாகப் பேசவில்லை என்று உன்னிடம் பூசி மெழுகிச் சொன்னேன். அவள் வாயே திறக்கவில்லை. உன் வீட்டைப் பற்றிச் சொல் என்று டீச்சர் கேட்டாராம், இவள் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாளாம், கேள்வியை மாற்றிக் கேட்டும் அதே கதைதானாம். பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வைக்க வேண்டும் என்று நாம் கேலி செய்கிற வாயாடி அவள். வகுப்பு டீச்சர் என்னையும் அப்பாவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எழுதச் சொன்னால் நன்றாக எழுதுகிறாள், அடுத்த மாதத் தேர்விலும் இப்படி நின்றால் சயன்ஸ் பிரிவில் இடம் தர எங்களால் முடியாது என்று நிதானமாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சயன்ஸ் இல்லாமல் இவள் ஆசைப்படுகிற லேப் படிப்புக்கு எங்கே போவது. என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாலே ரத்தம் பார்க்கிற அறையின் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

டியூஷனுக்கு ஆள் தேடக் கிளம்பினோம். இங்கிலீஷ் தெரியாத இரண்டு பேர் இங்கிலீஷ் வாத்தியாரைத் தேர்ந்தெடுக்கிற கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். செருப்புக் கடைக்கு மேலே இருக்கிற கோச்சிங் சென்டரில் பிள்ளைகள் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அங்கே வாய் திறக்கிறவர் மைக் பிடித்திருக்கிறவர் மட்டும்தான், அது சரிப்படாது என்று திரும்பிவிட்டோம். அப்புறம் அப்பாவின் டயர் கடை முதலாளி சொல்லி ஒருவர் வீட்டுக்கே வந்தார். அப்பா அவரை எதிரே உட்கார வைத்து, கொஞ்சம் இங்கிலீஷ் பேசிக் காட்டுங்க சார் என்று கேட்டார். அந்த மனிதர் மூச்சு விடாமல் பொழிந்து தள்ளினார். அவர் போனதும் அப்பா, "ஒரு வார்த்தைகூடப் புரியல, பெரிய ஆள்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார், நானும் தலையாட்டினேன். அந்தப் பெரிய ஆள் வந்த நாளெல்லாம் அவரே பேசினார், இவள் கொட்டாவியை அடக்கி அடக்கிக் கண்ணில் நீர் விட்டாள், நல்லபடியாகச் சொல்லி நிறுத்திவிட்டோம்.

கடைசியில் எதிர்க் கட்டடத்து மாடியில் குடியிருக்கிற ஒரு பெண் அமைந்தாள். நர்சரி பள்ளியில் டீச்சர், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுச் சாயங்காலம் வருகிறாள். எதற்கெடுத்தாலும் மெதுவா, மெதுவா என்பதால் சின்னவள் அவளுக்கு மெதுவா மிஸ் என்று பெயர் வைத்துவிட்டாள். அவள் பேசுகிற இங்கிலீஷில் பாதி எனக்கே விளங்கியது. அதனாலேயே அப்பாவுக்கு அவள் மேல் நம்பிக்கை வரவில்லை, நமக்கே புரியுதுன்னா அது என்ன இங்கிலீஷ் என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் இரண்டாவது வாரத்தில் உள் அறையிலிருந்து சின்னவள் குரல் கேட்டது. குட்டிக் குட்டி வாக்கியம்தான், நடுவில் சிரிப்பும் கேட்டது. நான் அடுப்பைக் குறைத்துவிட்டு அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். அன்று மிஸ் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒவ்வொரு தடவை வாயத் திறக்கும்போதும் முதல்ல சாரி சொல்றாளே, யாராச்சும் திட்டுவீங்களா அக்கா" என்று கேட்டாள். இங்கிலீஷில் திட்ட எங்களுக்கு இங்கிலீஷ் தெரிந்தால்தானே என்று நான் சிரித்தேன்.

இன்னொன்றும் உனக்குச் சொல்லாமல் இருந்தேன். சின்னவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் வயிற்று வலி. சனிக்கிழமை மத்தியானம் வரை நன்றாக இருப்பாள், சாயங்காலமே முகம் வாடிவிடும், மறுநாள் காலையில் தட்டில் சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் டாக்டரிடமே காட்டினேன், வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். வயசுப் பெண், என்னவோ ஏதோ என்று நான் மனசைப் போட்டு அலட்டிக்கொண்டிருந்தேனே தவிர, அந்தக் கிழமையை யோசிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, வாரத்தில் விட்டுப்போன வகுப்பை ஈடுகட்ட மிஸ் வந்திருந்தாள். அப்போதுதான் உன் போன் வந்தது. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுச் சின்னவள் முன்னால் வைத்தேன். நீ அவளோடு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். வாரத்தில் எனக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான் கண்ணா, நான் பெற்ற இரண்டும் எனக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொள்வதைக் கேட்பது. நீ குரலை உயர்த்தவே இல்லை, டிவியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஒரே சீராகப் பேசினாய். என் பிள்ளை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறான் பார் என்கிற பெருமையில் மிஸ்ஸை நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

சின்னவள் குளிக்கப் போன பிறகு, இதை நான் சொல்லலாமான்னு தெரியல அக்கா என்று ஆரம்பித்தாள். இதுகூடத் தெரியாதா என்று கேட்டாயாம். உங்க ஊர்ல இப்படித்தான் இங்கிலீஷ் பேசுவீங்களா என்றாயாம். உன்னை மாதிரி ஆளை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது, பேசத் தெரியலன்னா பேசாம இரு, நீ வாயத் திறந்தா எங்களுக்குத்தான் அவமானம் என்றாயாம். மிஸ் குரலைத் தாழ்த்தித் தாழ்த்திச் சொல்கிறாள், எனக்குக் காது கொதிக்கிறது. இவ்வளவும் என் மூக்குக்கு நேரே நடந்திருக்கிறது, நான் சிரித்த முகமாகப் பீன்ஸ் நறுக்கியிருக்கிறேன். அப்பாவுக்குப் புரியாத இங்கிலீஷெல்லாம் பெரிய இங்கிலீஷ் என்று கேலி செய்தேனே, நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்.

சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். துண்டின் ஓரத்தை முறுக்கினாள். "அண்ணன் பேசறத நீ அவ்ளோ சந்தோஷமா கேட்டுட்டு இருப்பியேம்மா, அதான்" என்றாள். அவளே, அண்ணனைத் திட்டாதே, முன்பெல்லாம் இப்படிக் கிடையாது, புது ஆபீஸுக்குப் போன பிறகுதான் என்று உனக்காகப் பரிந்து பேசினாள்.

எனக்கு உன் மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அதிலும் உங்க ஊர் என்று சொன்னாயே, அதுதான் சுருக்கென்று தைத்தது. வெளிநாட்டில் கால் வைத்ததும் இவனுக்கு வேறு ஊர் முளைத்துவிட்டதா என்று இரண்டு நாள் மனசுக்குள் உன்னை வறுத்தெடுத்தேன். உன்னோடு பேசவே கூடாது என்றுகூட இருந்தேன். மூன்றாம் நாள் இங்கே பெட்ஷீட் மடித்துக்கொண்டிருக்கும்போது அதே வார்த்தைகள் திரும்பத் திரும்ப ஓடின. அவள் ஊர் உன் ஊர்தானே. உன்னை மாதிரி ஆளை வைத்துக்கொண்டு என்கிறாயே, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை யார் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். போனில் நீ ஒருத்தன்தானே, எங்களுக்கு அவமானம் என்றால் அந்த எங்கள் யார். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றினவன் நீ, ஒரு நாள் அடித்ததில்லை. அண்ணன் தங்கைக்குச் சொல்கிற பேச்சா இது. யாரோ உனக்குச் சொல்லிச் சொல்லி உன் காதிலேயே தங்கிப்போன பேச்சு. கையில் இருந்த பெட்ஷீட்டை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

யாரப்பா அது. உன் மேலதிகாரியா, கூட இருக்கிறவர்களா. எத்தனை நாளாக இதை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாய். வேலை எப்படி என்று கேட்கும்போதெல்லாம் பிரமாதம் என்கிறாயே, அவள் எனக்காக மறைத்த மாதிரி நீயும் எங்களுக்காக மறைக்கிறாயா. உன்னைப் பேசினவர்களுக்குப் பதில் கொடுக்க எனக்கு அந்தப் பாஷை வராது.

சின்னவளுக்கு இங்கிலீஷை மிஸ் பார்த்துக்கொள்வாள், தேர்வில் என்ன ஆகுமோ என்கிற பயம் எனக்கு இருக்கத்தான் செய்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் இருந்துவிட்டால் தன்னால்தான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். நம் பேச்சில் பேசு, மிஸ்ஸின் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேள், அந்தக் குழந்தையைப் பற்றி ஆரம்பித்தால் அவள் நிறுத்த மாட்டாள். சாரி கேட்பதாக இருந்தால் நான் எழுதினேன் என்று சொல்லாமல் கேள்.

நீ நீண்ட ஆயுசோடு யாருக்கும் தலை குனியாமல் இருக்க வேண்டும், அப்பாவும் நானும் எப்போதும் உன் பக்கம்தான். அங்கே இருக்கவே முடியவில்லை என்றால் வந்துவிடு, யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எனக்குத் தனியாகப் போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன். நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா