அக்காவின் வயிற்றுக்குள் குடியேறியவர்கள்

பிப்ரவரி 3

ஆய்வுக்கூடத்து எலிகளுக்குத் தீனி வைத்தேன். பிளாஸ்டிக் கூடாரத்தின் சுவரோடு பொருத்திய கையுறைக்குள் கையை விட்டுத்தான் எல்லாம். பிறந்ததிலிருந்து ஒரு கிருமியைக்கூடக் காணாத எலிகள். நிறையத் தின்கின்றன, சதை மட்டும் பிடிப்பதில்லை. ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். யாரோ கதவைச் சாத்தினார்கள், திடுக்கிட்டேன். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன் போல.

அக்காவுக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு.

பிப்ரவரி 6

அக்கா ஆஸ்பத்திரியில். நிமோனியாவுக்குக் கொடுத்த மருந்து, வயிற்றிலிருந்த நல்ல கிருமிகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. காலியான இடத்தை ஒரு பொல்லாத கிருமி பிடித்துக்கொண்டு, என்ன கொடுத்தாலும் நகர மாட்டேன் என்கிறது. “இன்னொரு தடவை இப்படிப் போச்சுன்னா உடம்பு தாங்காது” என்றார் குடல் டாக்டர். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டி, குழாய் வழியாக அவள் குடலுக்குள் விட வேண்டும். ஆராய்ச்சிக்காக நான் எலிகளுக்குச் செய்கிற அதே வேலை! “நான் தர்றேன்” என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

“உன்னோடதா? உன் முன்கோபமும் சேர்ந்து வந்துடுமேடி” என்றாள் அக்கா. சிரிப்பதற்குக்கூட மூச்சு வாங்கியது அவளுக்கு.

பிப்ரவரி 8

கனவு. அக்காவின் வயிற்றுக்குள் நடந்துபோகிறேன். வெதுவெதுப்பான தெரு. கதவெல்லாம் திறந்து கிடக்கிறது, எந்த வீட்டிலும் ஆளில்லை. யாரையாவது கூப்பிட வாயைத் திறந்தால் பெயர் வரவில்லை. விழித்த பிறகும் உள்ளங்காலில் அந்தச் சூடு இருந்தது.

பிப்ரவரி 11

என்னுடையது ஆகாதாம்.

“எந்த மருந்துக்கும் மசியாத ஒண்ணு உங்க வயித்துல குடியிருக்கு. உங்களை ஒண்ணும் செய்யாது. அவங்களுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்” என்றார் டாக்டர். ஆய்வுக்கூடத்தில் எங்கோ தொற்றியிருக்கும். ஊருக்கெல்லாம் கிருமிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன், என் வயிற்றில் இருப்பது யார் என்று எனக்கே தெரியவில்லை. ஆத்திரமா வருது. யார் மேலன்னுதான் தெரியல. அப்பா அம்மா இல்ல, பிள்ளை இல்ல, அவளுக்கு நான் ஒருத்திதானே —

பிப்ரவரி 12

கூட வேலை பார்ப்பவர்களைக் கேட்க முடியாது, அவர்களுக்கும் இதே ஆய்வுக்கூடம்தான். சிநேகிதிகளைக் கேட்டேன். ஒருத்தி “யோசிச்சு சொல்றேன்” என்றாள். இன்னொருத்தி அதோடு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

அத்தானைக் கூப்பிட்டேன். விவாகரத்தாகி எத்தனையோ காலம், இன்னும் அத்தான் என்றுதான் வாயில் வருகிறது. நீச்சல் சொல்லித்தருபவர். தலைவலி மாத்திரைகூடப் போடாத உடம்பு. நீச்சல் குளத்தில் இருந்த நேரத்தில் பாதியை வீட்டில் கழித்திருந்தால் இன்றும் அத்தானாகவே இருந்திருப்பார். நான் சொல்லி முடிக்கும்வரை மறுபக்கத்தில் பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கும் சத்தம் மட்டும்தான்.

“எங்க வரணும்?” என்று கேட்டார்.

பிப்ரவரி 17

எல்லாப் பரிசோதனையிலும் அவர் தேறிவிட்டார். எனக்குப் பொறாமை. ஆமாம், பொறாமைதான்.

அக்காவிடம் சொன்னேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகங்கள் போய்க்கொண்டிருந்தன, நானும் கொஞ்ச நேரம் அவற்றோடு போய்விட்டேன்.

“ஜீவனாம்சமே வேண்டாம்னு வந்தவ நான். இதைப் போய் வாங்கிக்கணுமா?”

“செத்துப்போயிடுவேக்கா!” அப்படிச் சொல்ல நினைக்கவே இல்லை. கத்தியே விட்டேன். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

“தெரியும்டி.” பிறகு, “எனக்குத்தான்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுதான் தர்றார்.”

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று எழுந்தேன்.

“சரி, போடச் சொல்லு.”

பிப்ரவரி 19

போட்டாயிற்று. இனிக் காத்திருப்பதுதான்.

பிப்ரவரி 22

கையுறைக்குள் கையை விட்டபடி யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் எங்கே முடிகிறார், இன்னொருவர் எங்கே ஆரம்பிக்கிறார்? ஒரே வீட்டில் இருப்பவர்கள் தெரியாமலே கிருமிகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள் என்று நானே கட்டுரை எழுதியிருக்கிறேன். அக்காவும் அத்தானும் ஒரு காலத்தில் அப்படித்தானே இருந்தார்கள். இப்போது உள்ளே போயிருப்பவற்றுக்கு அந்த இடம் புதிதா, பழகியதா? எலிகள் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு மணிக்கு மீட்டிங், மறந்தே போனேன்.

மார்ச் 2

அக்கா இப்போது என் வீட்டில். மத்தியானம் கஞ்சி குடித்தாள், இன்னும் கொஞ்சம் கேட்டாள். படுத்தவள் ஒரு தடவைகூடக் குளியலறைப் பக்கம் ஓடவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் தரையில் நகர்ந்து நகர்ந்து கட்டில் கால்வரை வந்துவிட்டது.

அழைப்பு மணி. அத்தான். தலை இன்னும் ஈரமாக இருந்தது.

“எப்படி இருக்கான்னு கேட்டுட்டுப் போகலாம்னு...”

“நல்லா இருக்கா. தூங்கறா.”

“சரி சரி, எழுப்பாதே. நான் வந்ததாவும் சொல்ல வேண்டாம்.” படியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல்: “அவரை வரச் சொல்லுடி. அவரோட ஆளுங்க எல்லாம் இங்க உள்ளதானே இருக்காங்க. அவர் மட்டும் எதுக்கு வெளியில நிக்கணும்?”

அவர் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினார். வெகு நேரம் நிமிரவே இல்லை.