இரண்டு கையாலும் தட்டிக் காட்டுங்கள்

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். கடிதத்திடம் அந்தப் பாச்சா பலிக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வாலுப் பெண்ணுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பொக்கை வாயோடு ஊரையே அதிகாரம் செய்கிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

பூங்காவில் எங்கள் வண்ணத்துப்பூச்சிக் கூடத்தில் போன வாரம் ஹீட்டர் நின்றுபோனது. அது தெரியாமல் காலையில் நான் வழக்கம்போல் செடிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிவிட்டேன். மிரண்டு கிளம்பிய பூச்சிகள் பறக்கவில்லை. பொத்துப் பொத்தென்று ஈரத்தரையில் விழுந்தன.

பூச்சிகளைக் கவனிக்கும் டாக்டரம்மா ஓடிவந்தார். சிறகு கொஞ்சம் கிழிந்தால்கூட அது பறந்துவிடுமாம், சிறகை அசைக்கும் தசை குளிர்ந்துபோனால் மட்டும் முடியவே முடியாதாம். ஒவ்வொன்றாக அள்ளி ஜன்னல் வெயிலில் வைத்தோம். சிறகை விரித்து, வெடவெடவென்று நடுங்கி, சூடு ஏறிய பிறகே எழும்பின. சில எழும்பவில்லை.

வாலிடம் இதைச் சொன்னேன். அது எப்படிப் பறக்கிறது என்று கேட்டுப் பிடித்துக்கொண்டாள். முதுகுக்கு மேலே இரண்டு சிறகையும் சேர்த்துத் தட்டும், சிறகு வளைந்து உள்ளங்கை மாதிரி குழியும், நடுவில் மாட்டிய காற்று பின்னால் பீறிடும், அந்த வேகத்தில் பூச்சி முன்னால் போகும் என்றேன். அன்றிலிருந்து கையைக் குவித்துத் தட்டி என் முகத்தில் காற்றடிப்பதுதான் அவள் வேலை.

போன ஞாயிறு வீடியோவில் உங்களிடமும் தட்டச் சொன்னாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டீர்கள். அவள் என்னிடம் திரும்பிக் கேட்டாள்: "அப்பா ஏம்மா ஒரு கைய ஒளிச்சு வச்சுக்கிட்டே பேசறாரு?"

நானும் பார்த்தேன். சட்டைப் பொத்தான் பாதி போடாமல் கிடந்தது. கேட்டதற்கு, இதுதான் இப்போது ஸ்டைல் என்றீர்கள். கல்யாணத்தன்றுகூடத் தலை வாராத உங்களுக்கு என்ன ஸ்டைல்? குளிரில் விரல் மரத்துப்போகிறது, வெயில் வருமுன்னே சூப்பர்வைசர் கயிற்றில் இறக்கிவிடுகிறார் என்று முன்பு ஒருநாள் வாய்தவறிச் சொன்னவர் நீங்கள்தானே? அத்தனை மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறவருக்குக் கயிற்றைப் பிடிக்கக் கைதானே வேண்டும்? எனக்குத் தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் அந்த ஈரத்தரைதான் தெரிகிறது.

இந்த ஞாயிறும் அவள் கேட்பாள். இரண்டு கையாலும் தட்டிக் காட்டுங்கள். முடியவில்லை என்றால் சிக்னல்மேல் பழி போடாதீர்கள், மறுநாள் கயிற்றில் தொங்கவும் வேண்டாம். கிளம்பி வந்துவிடுங்கள். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடுகிறேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
வாலின் அம்மா