சிரித்துக்கொண்டே போடு

அக்டோபர் 12, ஞாயிறு

இந்த வாரமும் என் காணிக்கை அரிசிப் பைதான் கனம். ரோசா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கிளாரா, உள்ளே அரிசியா கல்லா?" என்றாள். எங்கள் சபையில் எல்லார் பையையும் வாங்கி வைப்பவள் அவள்தான். எந்தப் பை எந்தக் கஷ்டப்பட்ட வீட்டுக்குப் போகிறது என்று அவள் யாரிடமும் மூச்சு விடமாட்டாள்.

தாத்தா காலத்திலேயே கொரியாவை விட்டு வந்து ரஷ்ய மொழி பேசும் எங்களுக்கென்று சியோலிலிருந்து வந்திருக்கும் போதகர் பிரசங்கத்திலேயே என் பேரைச் சொன்னார். முகம் கோணாமல் கொடுக்கிறவர்களைத்தான் ஆண்டவருக்குப் பிடிக்குமாம், அதற்கு சகோதரி கிளாரா ஹெகாயைப் பாருங்கள் என்றார். எனக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்துவிட்டது. இது பெருமை இல்லை, சந்தோஷம். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 14

இன்னாவுக்கு வாய் நீண்டுவிட்டது. என் தம்பி பெண்டாட்டி. ஐந்து வயது அலீசாவையும் இவளையும் என் தலையில் கட்டிவிட்டு வாதிம் கொரியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

வழக்கம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஒவ்வொரு வேளையும் அரிசி களையுமுன் ஆளுக்கு ஒரு கரண்டி, அந்த ஆளின் பேரைச் சொல்லி ஜெபித்து, பைக்குள் போட வேண்டும். என் கரண்டியை என் கிண்ணத்திலிருந்து எடுக்கிறேன். மற்ற மூன்றும் இன்னாவுக்கும் பிள்ளைக்கும் நான் அளந்து கொடுக்கும் கிண்ணத்திலிருந்து. அவள், அவள் பிள்ளை, அவள் புருஷன். இதில் என்ன அநியாயம்?

"அவர் இங்க சாப்பிடலையே அண்ணி. அவருக்கும் என் கிண்ணத்துலயேவா எடுக்கணும்?" என்றாள். அவன் நல்லபடியாகத் திரும்பி வரத்தானடி ஜெபிக்கிறோம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கரண்டியை எடுத்தாள். பிடுங்கி, போட்டதைத் திரும்பக் கொட்டவைத்தேன். "சிரிச்சிக்கிட்டே போடு. முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு போடுற அரிசி ஆண்டவருக்கு வேண்டாம்."

பல்லைக் காட்டினாள். சந்தையில் விற்கக் காரட் துருவி, மிளகாயும் கொத்தமல்லி விதையும் பிசைந்து பிசைந்து கையில் எரிச்சல், அதனால் கண்ணில் தண்ணீர் என்றாள். இருக்கலாம்.

அக்டோபர் 23

இந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வராமல் நெல் பாதிதான். மற்றவர்கள் பை இளைத்துவிட்டது. நான் வாதிமுக்கு இரண்டு கரண்டியாக்கினேன்.

"சந்தோஷம் உங்களுக்கு, பசி எனக்கா அண்ணி?" என்று இன்று கேட்டாள். கத்தவில்லை, உப்பு எங்கே என்று கேட்பதுபோல் கேட்டாள். அரிசி மூட்டை என் அறையில், சாவி என் இடுப்பில்.

நவம்பர் 2, ஞாயிறு

பை கனமாக இருந்தது. ஆமென்.

நவம்பர் 13

ஒரு மாதிரி இருக்கிறது. இன்னாவின் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. கொஞ்ச நாளாக இருந்த இருமலும் குறைந்துவிட்டது. நான் பள்ளிச் சமையலறை வேலை முடிந்து வரும்போது வீட்டில் சோறு வெந்த வாசனை. யார் அரிசி?

அவள் சந்தைக்குப் போனதும் பெட்டியைக் குடைந்தேன். துணிக்கு அடியில் என் பைகள்! ஒன்றில்லை, மூன்று. அப்பாவின் நீலச் சட்டையில் நான் தைத்தவை, மூலையில் நான் பின்னிய சிவப்புக் குருவி. ஒன்றில் இன்னும் அரிசி.

திருடி. கோயில் அரிசியைத் திருடியிருக்கிறாள். ஆனால் இன்று கேட்கமாட்டேன். கேட்கிற இடத்தில் கேட்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா — எழுது, கிளாரா. எழுது.

பிள்ளை எப்போதும் என்னோடு வருவதுதான், இன்று இன்னாவையும் நானே வற்புறுத்திக் கூட்டிப் போனேன். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து மூன்று பையையும் தூக்கிக் காட்டினேன். ஏழைகள் வாயிலிருந்து பிடுங்கித் தின்கிறவள் இதோ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அலீசா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ரோசா எழுந்தாள். "அவ திருடல. நான்தான் கொடுத்தேன்."

பசியாக இருக்கிறவர்களுக்காக ஜெபிப்போம், உங்களுக்குத் தெரிந்த யார் பசியாக இருக்கிறார்கள் என்று போன மாதம் பிள்ளைகள் வகுப்பில் கேட்டார்களாம். அலீசா கையைத் தூக்கி, எங்கம்மா என்றாளாம்.

"அத்தனை பையில உன் பையைத்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன், கிளாரா. அது அவ அரிசிதானே."

போதகருக்கு ரஷ்ய மொழி அரைகுறை. என்ன, என்ன என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

நவம்பர் 17

இன்னா போய்விட்டாள். சந்தைக்குப் பின்னால் ஒரு அறையாம். நான் வழியில் நின்றுகொண்டேன், ஏதாவது கத்துவாள் என்று. கத்தியிருக்கலாம். "பையெல்லாம் துவைச்சு தேய்ச்சு மேஜைல வச்சிருக்கேன் அண்ணி" என்றாள். அவ்வளவுதான்.

டிசம்பர் 7

வாதிம் போனில் பேசினான். இன்னா போய்விட்டதைச் சொன்னேன். "நல்லதாப் போச்சுக்கா. இங்க எனக்கு ஒருத்தி இருக்கா. வந்த வருஷத்துல இருந்தே."

பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்த வருஷத்திலிருந்தா? தினம் மூணு வேளை, சனியனே, உன் பேரைச் சொல்லி, யார் கிண்ணத்துலருந்து எடுத்தேன்டா நான்?

ஜனவரி 19

பனியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது. பள்ளியில் என் இடத்துக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்கள். கோயிலுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. மூட்டையை உதறிப் பார்த்தேன், தூசிதான் பறந்தது.

பிப்ரவரி 8

காலையில் கதவுக் கொக்கியில் ஒரு பை தொங்கியது. அரிசி. என் தையல் இல்லை. வெள்ளைத் துணி, வாய்ப்பக்கம் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. முகர்ந்து பார்த்தேன். காரட், மிளகாய், கொத்தமல்லி விதை.

பிப்ரவரி 10

ரொட்டிக் கடை முன்னால் அலீசாவைப் பார்த்தேன். இன்னா உள்ளே வரிசையில் நின்றிருந்தாள். பிள்ளை என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். நான் கேட்கவேயில்லை, அதுவாகச் சொன்னது:

"எங்க வீட்ல மூணு கரண்டி, அத்தை. அம்மாக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. உங்க கரண்டிய நான்தான் போடுவேன்."

"அம்மா திட்டலையா?"

"இல்லியே. அம்மா சிரிப்பாங்க. அரிசி கீழ கொட்டிடும்ல, ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டே பொறுக்குவோம்."

இன்னா வெளியே வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அந்த அரிசியைக் கிண்ணத்தில் அளந்தேன். துவைத்துத் தேய்த்த என் நீலப் பை ஒன்றை எடுத்து வைத்தேன். ஒரு கரண்டி எடுத்து, இன்னா என்று பேரைச் சொன்னேன். பிறகு சிரிக்கப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது.

என் சட்டம் எனக்கும்தானே. கரண்டியைத் திரும்பக் கிண்ணத்தில் கொட்டினேன். களைந்து, உலை வைத்து, முழுவதையும் நானே தின்றேன்.