கொழுந்துக் கூடையில் வரும் தவளைகள்

சேசு மரி சூசை துணை

பூண்டுலோயா
17-2-1957, ஞாயிறு, பூசைக்குப் போய் வந்து

அன்புள்ள மகள் சிசிலிக்கு உன் அம்மா மரியநாயகி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அதாவது அப்பாவின் இருமல், என் இடுப்பு வலி, லயத்து வீட்டுக் கூரையில் அடுப்புக்கு நேர் மேலே ஒழுகுகிற ஓட்டை, இதெல்லாம் நீங்கலாக மற்றபடி சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் புதன்கிழமை வந்த உன் கடிதத்திலேயே அது தெரிந்துவிட்டது, அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய், மை கலங்கிக் கிடக்கிறது. உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு மழையில் நனைந்திருக்கும் என்றார். தபால்காரன் நனையாமல் வந்தானே, கடிதம் மட்டும் எப்படி நனையும் என்று நான் கேட்கவில்லை, அந்த மனுசன் ஏற்கனவே நொந்துபோய் இருக்கிறார்.

அவர் நொந்ததற்குக் காரணம் தவளைப் பெட்டிதான். சர்வகலாசாலையில் டாக்டர் படிப்புக்கு எடுக்க எழுத்துப் பரீட்சை மட்டும் போதாது, தவளையை அறுத்துக் காட்டுகிற செய்முறைப் பரீட்சையும் இருக்கிறது, பழகிப் பார்க்கத் தவளை கிடைக்கவில்லை என்று நீ எழுதினாலும் எழுதினாய், மறுநாள் வேலை விட்டதும் மனுசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேயிலை மலைத் தண்ணீர்க் கானில் இறங்கிவிட்டார். பிடித்தது சரி, அடைத்ததில்தான் கோளாறு. வருசக்கணக்காகத் தேயிலை ஸ்டோரில் பெட்டி அடைக்கிற கை அது, உள்ளே ஈயத்தாள் விரித்து, ஓரம் மடித்து, பலகையை அறைந்து, வாசம் ஒரு துளி வெளியே போகாமல் அடைத்தால்தான் அந்தக் கைக்கு வேலை முடிந்த மாதிரி. தவளைக்கும் அப்படியே செய்துவிட்டார். லண்டனுக்குப் போகிற தேயிலையைப் போல அவ்வளவு பத்திரமாகக் கொழும்பு வந்து சேர்ந்தன, மூச்சு மட்டும்தான் இல்லை. பெட்டியைத் திறந்ததும் போர்டிங் மதர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியதையும், கூடப் படிக்கிற பிள்ளைகள் உன்னைத் தவளை ராணி என்று கூப்பிடுவதையும் நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை, செத்துவிட்டன என்று மட்டும் சொன்னேன். அவர், ஒரு ஆணியையாவது அடிக்காமல் விட்டிருக்கலாம் நாயகி என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்தத் தவளைகளுக்காக நீ ரொம்ப வருத்தப்படாதே. எந்த நாட்டுத் தவளை என்று யாரும் கேட்காமல் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தன, நமக்குப் பிரஜாவுரிமைக் கடுதாசி இன்னும் வந்தபாடில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். வகுப்பில் மாதிரிக்குத் தவளை அறுத்தபோது கை நடுங்கிக் கத்தி இருதயத்தில் இறங்கிவிட்டது, மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கேலி செய்தார், இனி அந்தப் பரீட்சைக்கு நான் போக மாட்டேன், ஊருக்கு வந்து நம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நம் மாதா கோயில் சுவாமியிடம் சொன்னேன், அவருக்கு ஒரே சந்தோசம், வரட்டும் வரட்டும் என்றார். அவருக்கு டீச்சர் முக்கியமில்லை, பாட்டுக்காரி முக்கியம், நீ போனதிலிருந்து ஆர்மோனியத்தில் எலி குடியிருக்கிறது. டீச்சர் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் ஒரு டீச்சர்தான். ஆனால் ஆசைப்பட்டு வருகிறவள் வேறு, தவளைக்குப் பயந்து ஓடி வருகிறவள் வேறு. நீ வந்தால் நான் கதவைச் சாத்தப் போவதில்லை, சோறு இருக்கிறது, பாய் இருக்கிறது. ஆனால் வருவதற்கு முன்னால் இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், உன் படிப்புக் கெடக்கூடாது என்று இவ்வளவு நாள் நான் எழுதாமல் இருந்தேன்.

எழுத்துப் பரீட்சை பாஸ் என்று நீ எழுதியதை உன் அப்பா கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். சொன்னவருக்கும் முழுதாகத் தெரியாது, கேட்டவர்களுக்கும் பொறுமை கிடையாது. பாஸ் என்ற ஒரு சொல் போதாதா, பெரிய கங்காணி கந்தப்பன் மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பதற்கு முன்னாலேயே, நம்ம தோட்டத்துப் பிள்ளை டாக்டர் ஆயிருச்சி என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வேலை விட்டதும் தப்பு மேளம் வந்துவிட்டது, மாலை வந்துவிட்டது, உன் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து லயத்தைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம் என்று உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக் கோலத்தில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்த நான் ஓடிவந்து, ஐயோ இன்னும் இல்லை, இன்னும் உள்ளே எடுக்கவே இல்லை, தவளை அறுக்க வேண்டும், கேள்விக்குப் பதில் பேச வேண்டும், அதற்குப் பிறகு வருசக்கணக்காகப் படிக்க வேண்டும் என்று கத்தினேன். தப்புச் சத்தத்தில் யார் காதில் விழும். பக்கத்தில் நின்ற நாகலெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, சந்தோசத்துல அக்காவுக்குத் தலைகால் புரியல என்று என்னையும் சேர்த்து ஆடவைத்துவிட்டாள். நானும் கொஞ்சம் ஆடினேன், பொய் சொல்வானேன், ருசியாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் கூட்டம் அதிகம். வீரய்யா முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், நத்தார்ப் பண்டிகைக்குச் சிசிலி வரும்போது ஒரு ஊசி போதும், அதுவரைக்கும் தாங்கிக்குவேன் என்கிறார். ஒருத்தி வாய்வுக்கு மருந்து கேட்டாள், ஒருத்தி மாமியாருக்கு நாக்கு அடங்க மருந்து கேட்டாள், பின்னது கண்டுபிடித்தால் நீ கோடீஸ்வரி. டாக்டரின் அம்மா என்ற முறையில் நானும் எல்லோருக்கும் சுடுதண்ணீர் குடி, கொஞ்சம் படு என்று சொல்லி அனுப்பினேன், பாதிப் பேருக்குச் சுகமாகிவிட்டது. இதைக் கேள்விப்பட்ட டிஸ்பென்சர் ஐயாவுக்கு ஒரே எரிச்சல். தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த மனுசன் அல்லவா, வழியில் என்னைப் பார்த்தால் உங்க டாக்டரம்மா எப்ப வாறாங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறார். இதுவரைக்கும் எல்லாம் சிரிப்புத்தான் மகளே, இனிமேல் எழுதுவது சிரிப்பில்லை.

நம் பக்கத்துக் காம்பரா காளியாயி இரண்டு கிழமைக்கு முன் கொழுந்து நிறுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். உனக்கு அவளைத் தெரியாமலா, நீ கைப்பிள்ளையாக இருந்தபோது நான் காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் தன் பிள்ளைக்கு ஒரு பக்கம் உனக்கு ஒரு பக்கம் என்று பால் கொடுத்தவள், நீ அவளைக் கடித்துவைத்த கதையை இன்னும் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கதவைச் சாத்தச் சொன்னாள், சாத்தினேன். ரவிக்கையை விலக்கிக் காட்டினாள். இடது மார்பில் பாக்கு அளவுக்கு ஒரு கட்டி, கல் மாதிரி. எப்போதிருந்து என்று கேட்டேன், போன தீபாவளிக்கு முன்னாலிருந்து என்றாள். டிஸ்பென்சரிடம் ஏன் போகவில்லை என்றேன். அந்த ஆம்பளகிட்ட இதத் தெறந்து காட்டவா, நாலு பேருக்கு முன்னால பேர் சொல்லிக் கூப்பிட்டு எந்தப் பக்கம்னு கேப்பான், நம்ம சிசிலிதான் டாக்டர் ஆயிருச்சே, நத்தாருக்கு வரட்டும், அதுகிட்ட மட்டும் காட்டிக்கிறேன் என்றாள். இந்த ஊர் அடித்த தப்பை நம்பி அவள் நத்தார் வரைக்கும் கட்டியை வைத்துக்கொண்டு காத்திருக்கப் போகிறாள். அவளை உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன், சிசிலி இன்னும் டாக்டர் இல்லை, படிக்க உள்ளேயே எடுக்கவில்லை, அதற்கே இன்னும் தவளை அறுக்க வேண்டும், எடுத்தாலும் ஐந்து வருசப் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருசம் ஆஸ்பத்திரியில் வேலை பழக வேண்டும் என்று. அப்ப என்னாத்துக்கு அக்கா தப்படிச்சாங்க என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன், நான் அழுததும் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அழுதன, கடைசியில் காளியாயிதான் எல்லோரையும் சமாதானப்படுத்தினாள்.

மறுநாள் அவளை இழுத்துக்கொண்டு டிஸ்பென்சரிடம் போனேன். கதவில் நானே நின்றுகொண்டேன், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், மெதுவாகப் பேசுங்க ஐயா, இல்லாட்டி உங்க சம்சாரத்தையும் கூப்பிட்டு நிக்க வச்சிருவேன் என்றேன். பயந்தாரோ என்னவோ, மரியாதையாகப் பார்த்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார், ஒரு நாளைக்கு அந்த மனுசனையும் வாழ்த்திவிட்டுப் போகிறேன். நுவரெலியாவில் பார்த்த டாக்டரும் ஆம்பிளைதான். காளியாயி என் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாள் என்றால், வளையல் இரண்டு நொறுங்கிவிட்டது. அவர் சிங்களத்தில் மெதுவாகத்தான் பேசினார், வெட்டி எடுக்க வேண்டும், கண்டிக்குப் போங்கள், முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை கண்டியில் சேர்க்கிறோம், நானும் கூடப் போகிறேன். பிழைப்பாளா என்று எனக்குத் தெரியாது சிசிலி, டாக்டரும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. திரும்பி வருகிற பஸ்ஸில் காளியாயி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பூண்டுலோயா கடைத்தெரு வந்ததும், எத்தனை வருசம்னு சொன்னீங்க அக்கா என்று கேட்டாள். ஆறு என்றேன். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, சரி, ஆறு வருசந்தானே, நான் இருந்துக்கிறேன், சிசிலிக்கு அத மட்டும் எழுதிப் போடுங்க என்றாள். எழுதிவிட்டேன். நீ ஊருக்கு வந்து டீச்சராவதென்றால் வா, ஆனால் அவளிடம் நான் போய்ச் சொல்ல மாட்டேன், நீயே சொல்லிக்கொள்.

கை நடுங்குகிறதே என்று கேட்பாய். நடுங்கட்டும். வெறும் வயிற்றோடு போகாதே, தேத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போனால் எந்தக் கையும் நடுங்கும், பாணோ பிட்டோ எதையாவது தின்றுவிட்டுப் போ. தவளை அறுத்து முடிந்ததும் மூன்று பெரிய மனுசர்கள் உட்கார்ந்து வாயைக் கிளறுவார்கள் என்று எழுதியிருந்தாய். எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டால் பூண்டுலோயா என்று சொல், மரியாதைக்காக நுவரெலியா என்று இழுக்காதே. அப்பா என்ன வேலை என்றால் பெட்டி அடைக்கிறார் என்று சொல், அவர்கள் குடிக்கிற தேத்தண்ணீர் அந்தக் கையைத் தாண்டித்தான் வருகிறது. ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்டால் போர்டிங்கில் பாடமாக்கிய இங்கிலீசை ஒப்பிக்காதே, காளியாயியை நினைத்துக்கொண்டு வாயில் வருவதைச் சொல். அவர்கள் எடுக்காவிட்டால் அது அவர்கள் பாடு, அழுதுவிட்டு அடுத்த வருசம் திரும்ப எழுதலாம். போகாமல் இருந்துவிடாதே கண்ணு, அது ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியாது.

தவளை மறுபடியும் வருகிறது, பயப்படாதே, இந்த முறை உயிரோடு. நாளைக்குத் தேயிலை ஏற்றிக்கொண்டு போகிற லொறியில் டிரைவர் முத்துலிங்கம் இந்தக் கடிதத்தையும் ஒரு கூடையையும் கொண்டுவந்து கொடுப்பார். உன் அப்பா பக்கத்தில் வராதபடி சுத்தியலை ஒளித்துவைத்துவிட்டு நானே கட்டினேன், ஈரப் பாசி போட்டு மேலே சாக்கைத் தைத்திருக்கிறேன், காற்று தாராளமாகப் போகும். வீரய்யா முழங்காலைப் பிடித்துக்கொண்டே இரண்டு பிடித்தார், கங்காணி தப்படிக்கவைத்த பாவத்துக்கு மூன்று பிடித்தார், மற்றதெல்லாம் அப்பா. பரீட்சை 25ஆம் திகதி திங்கட்கிழமை அல்லவா, அதற்குள் எல்லாவற்றையும் அறுத்துப் பழகிவிடு, ஒன்றிரண்டு கெட்டுப்போனால் பரவாயில்லை. மதரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து வாசலுக்கு வெளியே திற, பாதி தப்பிப் பூசைக்குள் குதித்தால் நான் பொறுப்பில்லை.

அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்திருக்கிறேன், காளியாயி உனக்காக மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள், யார் முந்துகிறார்கள் என்று பார்ப்போம். சேசுவும் மாதாவும் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், அப்பா உன் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். வெந்நீரில் குளி, தலையை ஈரத்தோடு கட்டாதே. ஒன்றை மறந்துவிடாதே, தவளை வருகிற கூடை காளியாயியின் கொழுந்துக் கூடை. ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அது சும்மாதானே இருக்கும் என்று அவளே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். கழுவிக் காயவைத்து முத்துலிங்கத்திடமே பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடு, வந்ததும் கேட்பாள்.

இப்படிக்கு
உன் அம்மா
மரியநாயகி சூசைரட்ணம்