கணக்கில் வராத கை

மார்ச் 4, செவ்வாய்

பற்றாக்குறையைக் குறைத்துக் காட்டு, குறைத்துக் காட்டு என்று நிதித்துறைச் செயலாளர் காலையிலிருந்து உயிரை எடுத்தார். வரியை ஏற்றியாயிற்று. சம்பளத்தில் கை வைக்க முடியாது. நான்தான் வழி சொன்னேன்: ஒப்பந்தக்காரர்களின் பில்களை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவிடலாம். கடன் அப்படியேதான் இருக்கும். இந்த ஆண்டுக் கணக்கில் தெரியாது. "பிரமாதம்மா" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வந்தான். அரசு மருத்துவமனைத் துணியெல்லாம் அவனுடைய சலவைக்கூடத்தில்தான் வெளுக்கிறது. ஏற்கெனவே மூன்று மாதப் பாக்கி. இப்போதைக்குக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"எந்த மகராசன் இந்த யோசனையக் குடுத்தானோ, அவன் நல்லா இருக்கட்டும் அக்கா."

மகராசன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சோப்பு, டீசல், கூலி, ஏற்றிய வரி, அதற்கு மேல் தொழிலாளர் காப்பீடு. முகம் செத்துப்போயிருந்தது. "ரெண்டு பேர நிறுத்திடவா?" என்றான்.

"யாரையும் நிறுத்தாத. காப்பீட்டுப் பட்டியல்லேருந்து பேர மட்டும் எடுத்துடு. கையில காசா குடு. ஆய்வுக்கு வர காப்பீட்டு ஆபீஸ்ல ஆளே இல்ல. அந்த வேலைக்கெல்லாம் ஆள் போடாம வெச்சிருக்கறதே நாங்கதான்."

"தப்பில்லையா அக்கா?"

"பில் வந்ததும் திரும்பச் சேத்துக்கோ."

எவ்வளவு சுலபமாக வந்தது என் வாயில்!

மார்ச் 21, வெள்ளி

பதினொரு பேரின் பெயரையும் எடுத்துவிட்டானாம். இரண்டு பேர் என்றுதானே நான் நினைத்தேன்? நினைத்தேனா?

ஏப்ரல் 17, வியாழன்

இஸ்திரி உருளையில் ஒரு பெண்ணின் வலது கை சிக்கிவிட்டது. படுக்கை விரிப்பை உள்ளே விடுகிறவள். தம்பி போனில் அழுதான். காப்பீட்டு மருத்துவமனையில், இந்தப் பெயரே எங்களிடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விரல்களைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சை அங்கேதான் உண்டு.

ஏப்ரல் 18, வெள்ளி

அரசு மருத்துவமனைப் பொது வார்டில் அவளைப் போய்ப் பார்த்தேன். கட்டில் இல்லை, தரையில் பாய்.

"அண்ணன் ரொம்ப நல்லவரும்மா. இவ்ளோ கஷ்டத்துலயும் எங்க யாரையும் நிறுத்தல" என்றாள்.

சொல்லியிருக்கணும். நான்தான்னு அங்கயே சொல்லியிருக்கணும். ஏன் வாய் வரல? வேலை போயிடும்னு பயமா? ஆமா. அதேதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காப்பீட்டு வசூல் படுத்துவிட்டது. காரணம் எழுது, ஈடுகட்ட எதை வெட்டலாம் என்றும் எழுது என்றார் செயலாளர்.

"நாம பில்ல நிறுத்தினோம் சார். அவங்க ஆள மறைச்சாங்க. இன்னும் வெட்டினா இன்னும் மறைப்பாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இத நான் கேக்கல" என்றார்.

ஏப்ரல் 23, புதன்

அவர் கேட்கவில்லை என்றால் கேட்கிறவர்களிடம் போக வேண்டியதுதான். முதலில் தம்பியிடம் சொன்னேன் — காப்பீட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன், அவள் உன்னிடம் வேலை செய்தவள், பெயரை எடுக்கச் சொன்னவள் நான்.

"நீ சொன்னத நான் செஞ்சேன். இப்ப நீ மட்டும் நல்லவளாயிட்ட, இல்ல?"

ஆனாலும் போனேன்.

மே 5, திங்கள்

எனக்குத் தற்காலிகப் பணிநீக்கம். அவளைக் காப்பீட்டு மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். தாமதமாகிவிட்டது என்றாராம் டாக்டர்.

மே 30, வெள்ளி

இரண்டு விரல்கள் போய்விட்டன. மாதாமாதம் உதவித்தொகை வரும். தம்பிக்கு அபராதம், கூடத்துக்குப் பூட்டு. மற்ற பத்துப் பேரும் தெருவில்.

"அவங்க யாரும் என்கூடப் பேசறதில்லம்மா. என்னாலதான் வேல போச்சாம்" என்றாள்.

இவளாலா!

ஜூன் 22, ஞாயிறு

தம்பி வந்தான், இத்தனை நாளுக்குப் பிறகு. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். தட்டு வைத்தேன். பழைய பில் பாஸாகிவிட்டதாம். வந்த பணம் அப்படியே அபராதத்துக்குப் போய்விட்டதாம். வேலைக்குச் சேர்ந்திருக்கிறான்.

"எங்க?"

"இன்னொருத்தர் சலவைக்கூடம். ஆஸ்பத்திரித் துணிய இப்ப அவர்தான் எடுத்திருக்கார்."

"பேர் எழுதிக்கிட்டாங்களா?"

தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கையில காசு குடுத்துடறாங்க அக்கா."

இன்னும் கொஞ்சம் பரிமாறினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.