முதலில் பதில் சொன்ன பெட்டி

பீரோவை ஒழிக்கும்போது உன் ஸ்வெட்டர் கையில் வந்தது. சாம்பல் நிறம், ஒரு முழங்கையில் நூல் பிரிந்திருந்தது. இந்த முகப்பேர் வெயிலில் பைக்குள் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போன மருமகள் எங்கள் பிளாக்கிலேயே நீ ஒருத்திதான். "இன்னா, உங்க மருமக ஊட்டிக்கா வேலைக்குப் போவுது?" என்று கீழ்வீட்டுக்காரி இளித்தாள். அன்றைக்கு அவளோடு விட்ட பேச்சை இன்னும் சேர்க்கவில்லை. ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்தேன். பாச்சை உருண்டை வாசனை. அதற்கு அடியில் குளிர்ந்த இரும்பும் புது பிளாஸ்டிக்கும் கலந்த, நீ வேலை பார்த்த அந்த ஏசி மெஷின் ரூமின் வாசனை கொஞ்சம் இருந்தது, இல்லை, இருப்பதாக நானே நினைத்துக்கொண்டேன்.

அந்த வாசனை வந்தால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வரும். கொரட்டூரில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. நீ மாம்பழ நிறப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கிளம்பி நின்றாய். அப்போதுதான் போன் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் உங்கள் மெஷின் ரூம் லேண்ட்லைனிலிருந்து உன் டீம் லீடர். புதிதாக வந்திறங்கிய சர்வர்கள் பாதி எழுந்திருக்கின்றன, பாதி எழுந்திருக்கவில்லை என்றான். பட்டுப்புடவையோடு சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாய்.

"இன்னாடி ஆச்சு? அங்க வளையல் போட ஆரம்பிச்சிடுவாளுங்க."

"பத்து நிமிஷம் அத்தை."

நீ கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. உன் வேலையைப் பற்றிக் கேட்டால் சொல்வாய், கேட்காவிட்டாலும் சொல்வாய். அன்றைக்கும் சொன்னாய். "புது மெஷினுக்கு உள்ள ஒண்ணுமே இருக்காது அத்தை. கரன்ட் குடுத்ததும் வயர் வழியா சத்தம் போடும், நான் யாரு, என் அட்ரஸ் என்னன்னு. எங்க சர்வர் ஒண்ணு அதுக்காகவே காத்திருக்கும். அது அட்ரஸ் குடுக்கும், எங்க போய் எதை எடுத்து ஏத்திக்கணும்னு சொல்லும். மத்ததெல்லாம் நான் எழுதி வெச்சபடி தானா நடக்கும். யாரும் தொடவே வேணாம்."

"அப்ப இது ஏன் ஏறல?"

"அதான் தெரியல."

அது ஏறாவிட்டால் உனக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். நீ ஒப்பந்தத்தில் இருந்தாய். இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம், இல்லையென்றால் அந்த மாதத்தோடு வீட்டுக்கு. என் மகனிடம் சொல்வதற்கு முன்னால் நீ அதை என்னிடம்தான் சொன்னாய்.

போனில் அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது. "உன் ஃபைல்லதாம்மா தப்பு. செட்டிங்க மறுபடி பாரு." பார்த்தாய். சரியாக இருந்தது. வயரை மாற்றச் சொன்னாய், மாற்றினான். வேறு துளையில் செருகச் சொன்னாய், செருகினான். ஏறாத ஒன்று ஏறியது, ஏறிய மாதிரி இருந்த இன்னொன்று பாதியில் நின்றது. "பேய் புடிச்சா மாதிரி பண்ணுதே" என்று நீ முனகினாய். தலையில் பூ வாடத் தொடங்கிவிட்டது. நான் உன் பக்கத்தில் வளைகாப்புக்குக் கொண்டுபோக வேண்டிய தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நின்றுபோன மெஷின்களின் அட்ரஸை ஒவ்வொன்றாகத் திரையில் வரவழைத்தாய். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். எழுந்துபோய் ஹாலில் நம் வீட்டு வைஃபை பெட்டியைத் திருப்பி, அதன் முதுகில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாய்.

"பதில் வராம இல்ல அத்தை. பதில் வருது. ஆனா அது எங்க சர்வர் சொல்ற பதில் இல்ல. பாருங்க, நிக்கிற மெஷினுக்கெல்லாம் கிடைச்சிருக்கிற அட்ரஸ் ஆபீஸ் நம்பரே இல்ல. இந்தப் பெட்டில இருக்கிற மாதிரி வீட்டு நம்பர்."

"ஊட்டு நம்பர் அங்க எப்படிப் போச்சு?"

"யாரோ இந்த மாதிரி பெட்டி ஒண்ணை அந்த வயர்ல செருகியிருக்காங்க. மெஷின் கூப்பிடும்போது எங்க சர்வர் முந்தினா ஏறிடுது. அந்தப் பெட்டி முந்தினா, அட்ரஸ மட்டும் குடுத்துட்டு, எங்க போகணும்னு சொல்லாம விட்டுடுது. அதுக்குத் தெரியாதே."

என் கண்ணு, இதைக் கண்டுபிடித்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்று நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஸ்கூட்டரில் கிளம்பினோம். அம்பத்தூர் போய் அப்படியே கொரட்டூர் என்றாய். கேட்டில் செக்யூரிட்டி எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். நீ பட்டுப்புடவைக்கு மேலே இந்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உள்ளே போனாய், செக்யூரிட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஆள் வேகமாக வெளியே வந்தான். கக்கத்தில் வெள்ளைப் பெட்டி, வயர் தொங்கியது, இரண்டு கொம்பு, அதில் ஒன்று வளைந்திருந்தது. பைக் சீட்டைத் தூக்கி அதற்கடியில் திணித்தான், மூடவில்லை, அழுத்தி உட்கார்ந்து மூடினான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "வெயில்ல ஒக்காந்திருக்கீங்களேம்மா, நிழலுக்கு வாங்க." போனில் கேட்ட அதே குரல்.

அங்கிருந்து கொரட்டூர் போகும் வழியில்தான் நீ சொன்னாய். அந்த அறைக்குள் செல்போனுக்கு சிக்னல் எடுக்காதாம். மேட்ச் பார்ப்பதற்காக வீட்டிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து மெஷின் வயரிலேயே செருகி வைத்திருந்தானாம். "நீ ஃபைலைப் பாரு, ஃபைலைப் பாரு" என்று உன்னைப் பாடாய்ப் படுத்தினவன் பக்கத்திலேயே அது இருந்திருக்கிறது.

"மேலெடத்துல சொல்லு."

"கையெடுத்துக் கும்பிட்டார் அத்தை. அவருக்கும் ரெண்டு புள்ளைங்க. எல்லா மெஷினும் ஏறிடுச்சு. விடுங்க."

நாம் கொரட்டூர் போய்ச் சேர்ந்தபோது வளையல் அடுக்கி முடித்து, சாப்பாடும் முடிந்து, இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கை இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். சொல்லட்டும், அவள் கணக்கை நான் வேறாக வைத்திருக்கிறேன்.

நீ அன்று மாலையே ஆபீசுக்கு மெயில் அனுப்பினாய். நெட்வொர்க் செட்டிங் பிரச்சினை, சரி செய்யப்பட்டது, அவ்வளவுதான். அவன் பேர் இல்லை, பெட்டி இல்லை. அடுத்த நாள் மீட்டிங்கில் ஏன் இவ்வளவு தாமதம் என்று பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவன் உன் மெயிலையே படித்துக் காட்டியிருக்கிறான். செட்டிங் அவங்க போட்டது, அவங்களே சரி பண்ணிட்டாங்க என்று. அப்போது நீ பெட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். எந்தப் பெட்டி, எங்கே இருக்கிறது, அன்றைக்கே ஏன் எழுதவில்லை என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு, "தோசை ஊத்தட்டுமா அத்தை?" என்றாய். அந்த மாதத்தோடு உன் வேலை முடிந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. இருக்கிறது. செத்தவர்கள் மேல் கோபம் வைக்கக்கூடாது என்று என் மகன் சொல்கிறான். அவன் மேலும் இருக்கிறது, "போனா போவுது, வேற வேலை கிடைக்கும்" என்று அன்றைக்குச் சொன்னதற்காக. கிடைக்கவில்லை. இன்டர்வியூவுக்குப் போன இடமெல்லாம் பழைய வேலை ஏன் போனது என்று கேட்டார்கள். நீ பொய் சொல்லத் தெரியாமல் முழுக் கதையையும் சொல்வாய், அவர்கள் தலையை ஆட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். பிறகு இன்டர்வியூவுக்குப் போவதையும் நிறுத்தினாய். பால்கனியில் துணி காயப்போட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருப்பாய். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. டாக்டர் காய்ச்சல்தான் என்றார், நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படுக்கையில் கிடந்தவளுக்கு எழுந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாததை டாக்டர் எங்கே பார்த்தார், நான் பார்த்தேன்.

போன வாரம் உன் டீம் லீடரைப் பார்த்தேன். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் என் மகன் என்னை நடக்கக் கூட்டிப்போயிருந்தான். எதிரே பெண்டாட்டியோடு வந்தான், உடம்பு போட்டிருந்தான். அவனேதான் என்னை அடையாளம் கண்டு நின்றான்.

"நல்லா இருக்கீங்களாம்மா? உங்க மருமக விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப திறமையான பொண்ணு."

இத்தனை வருஷம் நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். என்ன கேட்க வேண்டும் என்று படுக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"அந்தப் பொட்டி இன்னாச்சு?"

"எந்தப் பெட்டிம்மா?"

"மேட்ச் பாக்கறதுக்கு ஊட்லேர்ந்து எடுத்துகினு வந்தியே. ரெண்டு கொம்பு, ஒண்ணு வளைஞ்சிகினு இருந்துச்சு. வண்டி சீட்டுக்கு அடியில சொருவுனியே. நான் கேட்டாண்ட ஒக்காந்து பாத்துகினுதான் இருந்தேன்."

அவன் யோசித்தான். நான் அவன் கண்ணையே பார்த்தேன். பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரர் முதற்கொண்டு எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவன் நிஜமாகவே தேடினான். தேடிவிட்டு, கிடைக்காமல், என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"வேற யாராவது இருக்கும்மா. அந்த வேலைல ஏதோ செட்டிங் தப்பாயிடுச்சு, பாவம், அவங்களே சரி பண்ணிட்டாங்க. அது மட்டும் ஞாபகம் இருக்கு."

"இவருக்கு நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இருக்காதும்மா" என்று அவன் பெண்டாட்டி சிரித்தாள். என் மகன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அவன் மறைப்பான், மழுப்புவான், சண்டைக்கு வருவான் என்றெல்லாம் நினைத்திருந்தேன். மறந்திருப்பான் என்று நினைக்கவில்லை. அவன் சொன்ன பொய்யே இப்போது அவனுக்கு நிஜம். ஆபீசில் இருக்கிற மெயிலும் அதைத்தான் சொல்லும். என் மகன், "அவளே விட்டுட்டா, நீ ஏம்மா?" என்கிறான். ராத்திரி என் பக்கத்தில் படுத்திருந்த உன் மகளிடம் சொன்னேன். "பாட்டி, இதை எத்தனை தடவை சொல்லுவீங்க?" என்று சலித்துக்கொண்டாள். இந்தத் தடவை அம்மாவின் வேலை ஏன் போனது என்று கேட்டேன். "ஏதோ செட்டிங் தப்பாயிடுச்சுல்ல?" என்றாள்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கரன்ட் குடுத்ததும் மெஷின் கத்தும், உங்கம்மா எழுதி வைத்தது சரியாகத்தான் இருந்தது, வேறு ஒன்று முந்திக்கொண்டு பதில் சொன்னது என்று. கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள். நான் சொல்லி முடித்தேன்.